நாலாம் பக்கத்துக் கையெழுத்து

என் அண்ணன் எபனேசர் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்து எட்டு வருஷமாகிறது. ஆம்பூரில் எங்கள் சபையில் எல்லாருக்கும் இது தெரியும். அப்பா விட்டுப்போன வீட்டில் ஏதோ தகராறு என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். போன மாதம் சபை ஆண்டு விழாவில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி, நேர்மையான தொழிலதிபர் என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஞானசீலன் கை தட்டவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பற்றி யாரும் மைக்கில் பேசப் போவதில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

இவருக்குச் சொந்த ஊர் பேர்ணாம்பட்டு. அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். மகனாவது ஈரத்தில் நிற்கக் கூடாது என்று வேலூரில் ஐடிஐ படிக்க வைத்தார். படித்துவிட்டு இவர் போய் நின்றதும் ஈரத்தில்தான். தோல் ஊறவைத்துச் சுற்றும் பெரிய மர டிரம்முகளுக்கு எலெக்ட்ரீஷியனாகப் பன்னிரண்டு வருஷம், பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ். உப்பும் ஆசிடும் தண்ணீரும் ஓடுகிற இடத்தில் கேபிள் அடிக்கடி போகும். எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க இவரிடம் ஒரு வழி இருந்தது. கேபிளைக் காதோரம் வைத்து மெதுவாக வளைப்பார். உள்ளே செம்பு இழை அறுந்திருந்தால் நறநறவென்று கேட்குமாம். கல்யாணமான புதிதில் என் ஸ்டெதாஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மோட்டாரில் வைத்துப் பார்த்த மனுஷன் இவர். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

அண்ணனுக்கு பைபாஸ் ரோட்டோரம் ஒரு ஷெட் இருந்தது. மிச்சத் தோலில் கையுறை, ஏப்ரன் எல்லாம் தைக்கிற இடம். இருபது பெண்கள் வேலை செய்தார்கள். தொண்ணூற்றேழில் அவருக்கு ஒரு புது ஆர்டர் கிடைத்தது. விமான நிலையத்துக்கு. எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்ல மாட்டேன், கேஸ் போட்டாலும் போடுவார்கள். விமானம் வந்து நின்றதும் கட்டடத்திலிருந்து நீண்டு போய் அதன் கதவோடு ஒட்டிக்கொள்ளும் நடைகூடம் இருக்கிறதல்லவா, ஏரோபிரிட்ஜ், அது முன்னும் பின்னும் நகர, அடியில் கரண்டு கேபிள் வளையம் வளையமாகத் தொங்கிக்கொண்டு கூடவே ஓடும். ஓடும்போது இரும்பில் உராய்ந்து மேல் ரப்பர் தேய்ந்தது. அதற்குத் தோலில் உறை போடலாம் என்று அண்ணன் யோசனை சொன்னார். அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அந்தப் பெருமையில் அண்ணன் சபை முழுக்க ஸ்வீட் கொடுத்தார்.

உறை போட்ட எட்டு மாதத்தில் ஐந்து கேபிள்கள் போயின. மேலே பார்த்தால் பழுதே தெரியாது, உள்ளே அறுந்திருக்கும். விமானம் வந்து நிற்கும், ஏரோபிரிட்ஜ் பாதியில் நின்றுவிடும். அதை ஓட்டுகிறவர்களில் வேலு என்று ஒரு ஆள், ஜோலார்பேட்டைக்காரன், இருபத்தெட்டு வயது, அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஐந்தில் மூன்று கேபிள் அவன் ஓட்டும்போது போனது. முரட்டுத்தனமாக இழுத்து அறுத்துவிட்டான் என்று கான்டிராக்ட் கம்பெனி அவனை சஸ்பெண்ட் செய்தது. வெளியாள் ஒருவர் பார்த்து ரிப்போர்ட் எழுதட்டும், அதை வைத்து அவனை வைப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வோம் என்றார் அந்தக் கம்பெனி மேனேஜர் கோதண்டராமன். உடனே அண்ணன், ஆம்பூரில் ஞானசீலன் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கேட்டால் கேபிளே பதில் சொல்லும் என்றிருக்கிறார். தன் தங்கை புருஷன் என்று மட்டும் சொல்லவில்லை.

அது எங்களுக்கு அப்போது தெரியாது. அண்ணன் தன் மாப்பிள்ளையைப் பெரிய இடத்தில் அறிமுகம் செய்கிறார் என்று நான் பூரித்துப்போனேன். பைத்தியக்காரி நான்.

இவர் நாலு நாள் லீவு போட்டுவிட்டு மஞ்சள் பையில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போனார். வேலுவுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. தினமும் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து விமான நிலைய கேட்டுக்கு வெளியே டீக்கடையில் காத்திருப்பானாம். இவர் வெளியே வந்ததும், எந்தக் கேபிள் எந்தத் தேதியில் போனது, அன்றைக்கு யார் டியூட்டி என்று மனப்பாடமாகச் சொல்லுவானாம். ஜனவரியில் ஒரு கேபிள் போனபோது அவன் மஞ்சள் காமாலையில் இருபத்திரண்டு நாள் படுத்திருந்தான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் அவன் குறை. கடைசி நாள் அவன் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம். "சார், எனக்கு சாதகமா எழுத வேணாம். இருக்கறத இருக்கற மாதிரி எழுதிடுங்க, போதும்." இவர் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், வீட்டில் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த மறுநாள் வியாழக்கிழமை. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நாட்கள், வீட்டில் கறி கிடையாது. கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். அண்ணனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இவர் அறுத்துக்கொண்டு வந்த கேபிள் துண்டைத் தோல் உறையோடு சாப்பாட்டு மேஜையிலேயே வைத்தார். உறைக்குள் விரலை நுழைக்கச் சொன்னார். நகம்கூடப் போகவில்லை.

ஷூ கம்பெனியில் எப்படி வேலை செய்வார்கள் என்பது ஆம்பூரில் எல்லாருக்கும் தெரியும். தோலை ஈரப்படுத்தி, மர அச்சின் மேல் இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் சுருக்கமே இல்லாமல் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் ஷெட்டில் கேபிள் உறைக்கும் அதையேதான் செய்தார்கள். ஈரத் தோலை இறுக்கிப் பின்னிக் காயவிட்டார்கள். நல்ல வேலைக்காரர்கள், அதனால் நன்றாகவே இறுகியது. ஆனால் கேபிள் கால் இல்லையே. உள்ளே நாலைந்து ஒயர்கள் ஜடை மாதிரி பின்னியிருக்கும். வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நழுவ வேண்டும். உறை பிடித்துக்கொண்டால் நழுவ முடியாது. உள்ளேயே முறுக்கிக்கொண்டு, உறை முடிகிற இடத்தில் நாளுக்கு நாலு இழையாக அறும். ஐந்து கேபிளும் அதே இடத்தில்தான் அறுந்திருந்தன. உறை கையிருப்பு இல்லாததால் போடாமல் விட்ட கேபிள் ஒன்று, மேலே தேய்ந்திருந்தாலும் மூன்று வருஷமாக உயிரோடு இருந்தது. மாவுக்கட்டை இறுக்கிப் போட்டால் விரல் நீலம் பாரித்துவிடும். அதனால் எனக்கு இவர் சொன்னது ஒரு தடவையிலேயே புரிந்தது.

அண்ணனுக்கும் புரிந்தது. கையில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டார். "ஈரத்துல கட்டாதீங்க மச்சான். காய்ஞ்ச தோல்ல, ரெண்டு விரல் உள்ள போற மாதிரி லூசா பின்னுங்க. அவ்ளோதான்" என்றார் இவர். அண்ணன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். தப்பு என் பக்கம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான் மாப்பிள்ளை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் அண்ணன் என்று மனதுக்குள் எவ்வளவு பெருமைப்பட்டேன்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் வேண்டும். இவருக்கு அவ்வளவு வராது. இவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்குத் தெரிந்தது கேஸ் ஷீட்தான், அதனால் அப்படியே எழுதினேன். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது என்ன, என்ன நோய், என்ன மருந்து. வேலுவின் மஞ்சள் காமாலையும் இரண்டாம் பக்கத்தில் தேதியோடு வந்தது. முதல் மூன்று பக்கம் நோய், நாலாம் பக்கம் வைத்தியம். வைத்தியத்தில் உறையை லூசாக்குவது பற்றியும், ஏரோபிரிட்ஜை நிதானமாக ஓட்டுவது நல்லது என்றும் பொதுவாக எழுதியிருந்தோம். அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம்.

நான் கையால் எழுதியதை அண்ணன் டைப் அடிக்க எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே வந்த குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும், கோவில் வாசலில் தன் ஸ்கூட்டர் சீட்டில் வைத்து நாலு பக்கத்தையும் நீட்டினார். ஒரு எழுத்து விடாமல் நான் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இவர் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் கீழேயே போடப் போனார். அண்ணன், கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும் மாப்பிள்ளை, எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இல்லாவிட்டால் புது நர்ஸுகளைக் கத்தித் தீர்க்கிறவள் நான். ஒரு பக்கத்தைத் தவறவிட்டதற்காக ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், கையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அண்ணன்தானே, கடைசில மட்டும் போடுங்க." இவர் போட்டார். கையால் எழுதியதைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம் ஒரு காலையில் வேலு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்றைக்குத்தான் அவனை நான் முதலில் பார்த்தேன். ஒல்லியான ஆள், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான். வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தையும், அதோடு இணைத்திருந்த ரிப்போர்ட் நகலையும் இவரிடம் நீட்டினான். இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் செத்துப்போயிற்று. நான் பிடுங்கிப் படித்தேன். முதல் மூன்று பக்கம் புதுசு. உறையைப் பற்றி ஒரு வரி இல்லை. மஞ்சள் காமாலை இல்லை. ஓட்டுகிறவர் வேகமாக ஓட்டித் திடீரென்று பிரேக் போட்டதால் கேபிள் அறுந்தது என்று இருந்தது. நாலாம் பக்கத்தில் நிதானமாக ஓட்ட வேண்டும் என்ற வரி மட்டும் தப்பித்திருந்தது. உறை பற்றிய வரிக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டி நகல் எடுத்திருந்தார்கள். அதற்குக் கீழே, அச்சு அசலாக இவர் கையெழுத்து.

வேலு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இது நீங்க எழுதுனதா சார்?" என்று கேட்டான். இவர், "கையெழுத்து என்னோடது" என்றார். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆனால் அன்றைக்கு உண்மையைக்கூட முழுசாகச் சொல்ல வரவில்லை. நான் நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நான் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை வாங்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

இவர் நேரே அண்ணன் ஷெட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அண்ணன் மறுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "மாப்ள, இங்க இருபது பொம்பளைங்க சாப்பிடறாங்க. அவன் ஒத்த ஆளு, வாலிபன், வேற வேலை தேடிக்குவான். நீங்களே சொல்லுங்க, எது பெருசு?" என்றார். உள்ளே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்கள் யாரும் வேலுவை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, அவர்களை இதில் இழுக்காதே அண்ணா என்று நான் சொன்னேன். சபைக்காரங்க முன்னாடி என்னை அவமானப்படுத்திடாதே தங்கச்சி என்றார். என் கல்யாணத்துக்கு அப்பா ஸ்தானத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அந்த ஷெட்டில் ஒரு பெண் கொண்டுவந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தவள்தான். இதுவரை அவர் வீட்டில் கை நனைக்கவில்லை.

மறுநாளே மேனேஜரைப் பார்க்கப் போனோம். கோதண்டராமன் கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சப்ளையர் உங்களுக்கு என்ன உறவு என்றார். மச்சான் என்றார் இவர். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார் மேனேஜர். யாரும் கேட்கவில்லை என்று இவர் சொன்னது எனக்கே நொண்டிச் சாக்காகத்தான் பட்டது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரே இப்போது வேறு மாதிரி சொன்னால், அதுவும் குடும்பச் சண்டை, எதை நம்புவது என்று சொல்லி எழுந்துகொண்டார்.

அதற்கப்புறம் இவர் மாறிப்போனார். கம்பெனியில் கேட் பாஸாக இருந்தாலும் முன்னும் பின்னும் படித்து இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுவார். பேங்க்கில் பின்னால் நிற்கிறவர்கள் பேஜார் பண்ணுவார்கள், இவர் அசைய மாட்டார். கேபிளைக் காதோரம் வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டார். அறுத்துக்கொண்டு வந்த அந்தத் துண்டு மட்டும் மஞ்சள் பையோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறில் தட்டும்.

மறுவருஷம் பிப்ரவரியில், அண்ணன் ஷெட்டில் உறை பின்னுகிற முனியம்மா கட்டை விரலில் ஊசி ஏறி என் வார்டுக்கு வந்தாள். கட்டுப் போடும்போது பேச்சுக் கொடுத்தேன். இப்போது வேலை எப்படி என்று கேட்டேன். முன்னே மாதிரி இல்லை சிஸ்டர், ஈரத் தோலை இழுத்து இழுத்துக் கை போய்விடும், இப்போது காய்ந்த தோல்தான், லூசாகப் பின்னினால் போதும் என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "போன வருசம் லெந்துலயே மாத்திட்டாரு சிஸ்டர். குருத்தோலைக்கு முன்ன வெள்ளிக்கிழமை. காலைலயே வந்து, ரெண்டு விரலு உள்ள போவணும், அளந்து பாத்துப் பின்னுங்கன்னாரு."

வெள்ளிக்கிழமை காலை. வியாழக்கிழமை மத்தியானம் என் கையால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர், மறுநாள் விடிந்ததும் அதைச் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் தாள்களை நீட்டும்போது, இவர் சொன்னது அத்தனையும் சரி என்று அவருக்குத் தெரியும். சரி என்று நம்பியதால்தானே உடனே மாற்றினார்! கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் காட்டிக்கொடுத்தவன் கதை பைபிளில் இருக்கிறது, அதைச் சொல்லி என் அண்ணனைப் பெரிய ஆளாக்க எனக்கு இஷ்டமில்லை. கேடுகெட்ட வேலை, அவ்வளவுதான். முனியம்மாவிடம் கெஞ்சி, கழித்துப்போட்ட புது உறை ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

பழைய உறையையும் புது உறையையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மேனேஜரிடம் போனோம். அவர் விரலை விட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினார். "வேலு போய்ப் பத்து மாசமாச்சு. ஒரு கேபிள்கூடப் போகலை. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

இவர் சொன்ன வைத்தியம் பலித்திருந்தது. பலித்ததாலேயே அந்தப் பையன் மேல் போட்ட பழி நிரூபணமாகிவிட்டது. ரயிலில் திரும்பும்போது இவர் ஆம்பூருக்கு டிக்கெட் எடுக்கவில்லை, ஜோலார்பேட்டைக்கு எடுத்தார்.

வேலு ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நீக்கிய கடிதத்தைக் காட்டினால் எங்கேயும் மெஷினைத் தொட விடவில்லையாம். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன். பெஞ்சைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னான். இவர் மஞ்சள் பையைப் பிரித்து இரண்டு உறையையும் எடுத்தார். அவன் கையைப் பிடித்து, பழையதில் விரலை விடச் சொன்னார். போகவில்லை. புதியதில் விடச் சொன்னார். போனது. பிறகு கருவாட்டுக் குழம்பிலிருந்து வெள்ளிக்கிழமை வரை ஒன்று விடாமல் சொன்னார். இருபது வருஷமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன், இவர் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

வேலு முழுசாகக் கேட்டான். "நான் அறுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியுமே சார். இத எனக்கு இன்னாத்துக்குக் காட்றீங்க? அவங்ககிட்ட காட்டுங்க" என்றான்.

காட்டிவிட்டுத்தான் வருகிறோம் என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

இவர்தான் சொன்னார். "நீ போனப்புறம் ஒரு கேபிளும் போகலைன்னாங்க."

வேலு புது உறையைக் கையில் எடுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தான். மறுபடியும் விட்டு எடுத்தான். "அப்ப நீங்க கண்டுபுடிச்சது கரெக்ட்டுதான் சார்" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இவர் அந்த பிளாட்பாரத்தில், அத்தனை பேர் நடுவில், முகத்தை மஞ்சள் பையால் மூடிக்கொண்டு அழுதார்.

வேலு எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தான். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் போனவன் வாங்கிக் கொடுக்கிற டீ. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதைக் குடிப்பது என்று கையிலேயே வைத்திருந்தேன்.

"ஆறிப்போவுது சிஸ்டர், குடிங்க" என்றான்.

குடித்தேன்.